பதினோரு வார வாய்ப்பூட்டு

காளான் சார் செய்த தப்பு கண் இமைக்கிற நேரத்துத் தப்புதான். பரீட்சைத் தாள் கட்டுகள் மேஜையை மூடிக் கிடந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஆய்விதழ் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. சேமித்து வைத்த வெங்காயம் அழுகுவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருக்கிறது, வெளியிடத் தகுந்ததா என்று படித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஏழெட்டு இப்படி வரும். வெங்காயம் என்று பார்த்ததுமே அவருக்கு மகளின் நினைவு வந்தது. வந்தும், வெங்காயத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதுகிறார்கள், அதற்கென்ன என்று நினைத்துக்கொண்டார். கூடவே வந்த பத்து வரிச் சுருக்கத்தில் இரண்டு வரியைப் படித்துவிட்டு 'சம்மதம்' என்ற இடத்தில் அமுக்கிவிட்டு, அடுத்த பரீட்சைத் தாளை எடுத்துக்கொண்டார்.

அவர் கல்லூரியில் பூஞ்சைகளைப் பற்றிப் பாடம் நடத்துபவர். ரொட்டியில் படர்கிற பச்சை, ஈரச் சுவரில் பூக்கிற கறுப்பு, பழத்தில் வைக்கிற வெள்ளை, எல்லாம் அவருக்கு உறவுக்காரர்கள் மாதிரி. பிள்ளைகளுக்குப் பூஞ்சை என்றதும் காளான்தான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது, இருபத்தாறு வருஷமாக அவர் காளான் சார். அவருடைய மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் நர்ஸ். தெருவுக்கே அவள் நர்ஸம்மா. இருவருக்கும் ஒரே மகள். இருபத்தெட்டு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர்.

பாப்பா ஊரின் மறு கோடியிலிருந்த வேளாண்மைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கண்ணாடிக் குழாயை ஆட்டுவது என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். அவள் தினமும் சாயங்காலம் தலையெல்லாம் வெங்காயச் சருகோடு வந்து நிற்பாள். வேலை முழுக்கக் கிடங்கில். அறுவடையான வெங்காயத்தைப் பரப்பி விசிறிக் காற்றில் சிலவற்றை ஐந்து நாளும் சிலவற்றைப் பத்து நாளும் உலர்த்தி, மூட்டை கட்டி, ஆறு மாதம் அடுக்கி வைத்து, பிறகு பிரித்து எத்தனை அழுகியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அப்படி எண்ணி எண்ணித்தான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். வெங்காயத்தின் மேல்சருகில் தானாகவே வந்து உட்காருகிற ஒரு பூஞ்சை இருக்கிறது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அது இருக்கிற வெங்காயத்தில் அழுகல் பூஞ்சை வேர் பிடிப்பதில்லை. அந்த நல்ல பூஞ்சையை வளர்த்து, தண்ணீரில் கரைத்து, மூட்டை கட்டுவதற்கு முன்னால் தெளித்துப் பார்த்தாள். இரண்டு பருவம் பார்த்தாயிற்று. மூன்றாம் பருவத்து மூட்டைகள் கிடங்கில் கிடந்தன.

சனிக்கிழமை காலை காளான் சார் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்தார். ராத்திரி பெய்த மழை விட்டு, ஜன்னல் கம்பிகளில் சொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்க வராந்தாவில் பாப்பா பழைய செய்தித்தாளை விரித்து, வெங்காயங்களை நெடுக்குவாக்கில் இரண்டாக வெட்டி, அழுகல் தொடங்குகிற, தாள் சேரும் கழுத்துப் பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடே கண்ணைக் கரித்தது. அந்த வீட்டில் மூன்று வருஷமாக அது பழக்கமாகிப்போன விஷயம்.

முதல் மூன்று பக்கம் வழக்கமான முன்னுரை. நான்காம் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. சருகின் மேல் சாம்பல் நிற வளையம், அதன் விளிம்பில் மட்டும் பாசி படிந்தது போல லேசான பச்சை. அந்த வளையம் அவருக்கு நன்றாகத் தெரிந்த வளையம். அதே மாதிரிப் படம் ஒன்று அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு வருஷமாக ஒட்டியிருந்தது. படத்தின் கீழே போட்டிருந்த பெயரைப் பார்த்தார். அதே பூஞ்சை. அதே வேலை. எங்கேயோ யாரோ, பாப்பாவைப் பற்றிக் கேள்விகூடப் படாதவர்கள், அவள் செய்ததையே செய்து, எழுதியும் அனுப்பிவிட்டார்கள்.

அவர் கணினியைப் பட்டென்று மூடினார்.

"அப்பா, இந்தக் கழுத்தைக் கொஞ்சம் பாருங்களேன்," என்று பாப்பா பாதி வெங்காயத்தோடு உள்ளே வந்தாள். "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. மூட்டையோட ஓரத்துல இருந்து உருவி எடுத்தது."

"ம்," என்றார்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா? மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கே."

"வெங்காயம்தான். கண்ணைக் கரிக்குது."

"இத்தனை நாள் இல்லாம இன்னைக்கா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஒரு கட்டுரை ஆய்விதழுக்கு வந்தால், அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் ரகசியமாகக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வார்கள். அது அச்சில் வரும் வரை படித்தவர் அதைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அதில் தெரிந்துகொண்டதைத் தனக்கோ தன்னைச் சேர்ந்தவர்களுக்கோ பயன்படுத்தக் கூடாது. தன் வேலையோ தன் வீட்டார் வேலையோ அதோடு மோதினால் உடனே சொல்லி விலகிவிட வேண்டும். இதையெல்லாம் காளான் சார் தன் மாணவர்களுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுபவர். அன்றைக்கு அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு வேறு ஒரு கணக்கும் மனசில் ஓடியது. கருத்துச் சொல்ல நான்கு வாரம் கொடுத்திருக்கிறார்கள். அதை ஆறாக இழுக்கலாம். இன்னும் இரண்டு பரிசோதனை செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினால் ஆறு மாதம் ஓடிவிடும். அதற்குள் பாப்பா தன் கட்டுரையை அனுப்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. இப்படிச் செய்கிறவர்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? தன் தலைக்குள் இவ்வளவு வரிசையாக இது வந்து நின்றதைப் பார்த்து அவருக்கே கூச்சமாக இருந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். இதழாசிரியருக்கு ஐந்து வரி எழுதினார்: என் மகள் இதே பூஞ்சையில் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள், சுருக்கத்தைச் சரியாகப் படிக்காமல் சம்மதித்தது என் தவறு, நான்காம் பக்கம் வரை படித்துவிட்டேன், விலகிக்கொள்கிறேன், இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

அனுப்பியதும் பாரம் இறங்கும் என்று நினைத்தார். அன்று சாப்பிட உட்கார்ந்தபோதே அப்படி இல்லையென்று தெரிந்துபோயிற்று.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்," என்றாள் பாப்பா, தட்டில் சோற்றை அளைந்தபடி. "ரெண்டு பருவத்துக் கணக்கு கையில இருக்கு. அதை வச்சு இப்பவே எழுதி அனுப்பிடலாம்னு பார்க்கிறேன். கைடு மேடம் மூணாவது பருவத்தையும் பிரிச்சுப் பார்த்துட்டு அனுப்பலாங்கிறாங்க. அதுக்கு இன்னும் எட்டு வாரம் ஆகும். நீங்க என்ன சொல்றீங்க?"

உடனே அனுப்பு, இன்றைக்கே உட்கார்ந்து எழுது என்று சொல்லக் காளான் சாருக்கு நாக்கு துடித்தது. "அதெல்லாம் உன் கைடைக் கேட்டுக்கோ," என்றார்.

"அவங்களைக் கேட்டாச்சே. உங்களைக் கேக்கிறேன்."

"எனக்குத் தெரியலை."

"உங்களுக்குத் தெரியலையா?" என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து அவள் எழுதியதில் ஒரு காற்புள்ளியைக்கூடச் சும்மா விட்டவரில்லை அவர். அவர் தண்ணீரைக் குடித்தார். நர்ஸம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குழம்பை நகர்த்தி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை, கல்லூரி மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது இதழாசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். வயதான குரல். நடுநடுவே இருமல்.

"உங்க கடிதம் பார்த்தேன் சார். சொன்னதுக்கு நன்றி. சொல்லாம இருக்கிறவங்கதான் ஜாஸ்தி. அந்த ஃபைலை அழிச்சிடுங்க. எதுவரைக்கும் படிச்சீங்க, என்னைக்குப் படிச்சீங்க, அன்னைக்கு உங்க பொண்ணு வேலை எந்த நிலைமையில இருந்தது, எல்லாத்தையும் எழுதி எனக்கு அனுப்பிடுங்க. பின்னாடி யாராவது கேள்வி கேட்டா அந்தப் பொண்ணுக்குத்தான் அது பாதுகாப்பு."

"அனுப்பிடறேன். அவகிட்ட..."

"ஒண்ணும் சொல்லக் கூடாது."

"அவ என்கிட்ட யோசனை கேக்கிறா சார். இப்ப அனுப்பவா, பிறகு அனுப்பவான்னு."

"சீக்கிரம் அனுப்புன்னு நீங்க சொல்ல முடியாது."

"மெதுவா அனுப்புன்னு சொல்லலாமா?"

இதழாசிரியர் இருமினார். சிரித்ததுதான் இருமலாகிவிட்டதோ என்னவோ. "அதையும் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரிஞ்சதை வச்சு எந்தப் பக்கம் தள்ளினாலும் தள்ளினதுதான் சார். எனக்கும் ஒரு பையன் இருக்கான், உங்க கஷ்டம் புரியுது. ஆனா அந்தப் பேப்பரை எழுதினவங்களும் நம்மளை நம்பித்தானே அனுப்பியிருக்காங்க?"

"ஆமா சார்," என்றார் காளான் சார். படியின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். வகுப்புக்கு நேரமாகி, பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு மேலே போனார்கள்.

அந்த வாரம் முழுக்க மழை. வீட்டில் துணி காயவில்லை, பேச்சும் வற்றிப்போயிற்று. பாப்பா எழுதிய பக்கங்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தால், அவர் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விடுவார். கிடங்கைப் பற்றிப் பேச்செடுத்தால் வானத்தைப் பற்றிப் பேசுவார். புதன்கிழமை அவள் கேட்டேவிட்டாள்.

"என் வேலை சரியில்லைன்னு நினைக்கிறீங்களாப்பா? அப்படின்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. எத்தனை பேர் பேப்பரைக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருக்கீங்க, எனக்கு மட்டும் என்ன தயவு தாட்சண்யம்?"

"அப்படியெல்லாம் இல்லை."

"பின்ன எப்படி?"

"தலைக்கு மேல வேலை இருக்கு பாப்பா."

அவள் பக்கங்களை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு குடையும் எடுக்காமல் கிளம்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் நர்ஸம்மா கட்டிலில் தன் வெள்ளைச் சீருடைகளைப் போட்டு இஸ்திரி செய்துகொண்டிருந்தாள். ஈரத்துணியில் பெட்டி பட்டு ஆவி பறந்தது. காளான் சார் அறைக்குள் வருவதும் ஜன்னலைப் பார்ப்பதும் திரும்பிப் போவதுமாகக் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தார்.

"கொஞ்சம் உட்காருங்க," என்றாள் அவள். "அந்தக் காலர் நுனியைப் பிடிங்க. இழுத்துப் பிடிங்க. என்ன நடந்தது?"

"சொல்லக் கூடாது."

"யாருக்காவது சாவு, நோவா?"

"இல்லை."

"நீங்க ஏதாவது தப்புத் தண்டா பண்ணீங்களா?"

"ஒரு கவனக்குறைவு. அதை அப்பவே ஒத்துக்கிட்டேன். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. உன்கிட்டகூட."

"சரி, சொல்லாதீங்க," என்றாள், துணியைத் திருப்பிப் போட்டபடி. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. "முப்பது வருஷமா வார்டுல இருக்கேன். இந்தத் தெருவுல யார் யாருக்கு என்ன என்ன வந்ததுன்னு எனக்குத் தெரியும். எதிர்வீட்டம்மா பத்து நாள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாங்கன்னு நீங்க நம்பினீங்களே, எங்கே இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு நாளாவது உங்ககிட்ட சொல்லியிருக்கேனா?"

"இல்லை."

"சொல்லாம இருக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. ஆனா மழுப்பக் கூடாது. யாராவது வந்து, அந்தக் கட்டில்காரங்களுக்கு என்னன்னு கேட்டா, தெரியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். தெரியும், சொல்ல மாட்டேன்னு சொல்லுவேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போவாங்க, போகட்டும். நீங்க தெரியலை தெரியலைங்கிறீங்க. அவ உங்க பொண்ணு. நீங்க பொய் சொன்னா உங்க காது மடல் சிவக்கும்னு அவளுக்குத் தெரியாதா?"

அவர் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பாப்பா நனைந்துபோய் வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது அவர் வராந்தாவுக்குப் போனார். வெங்காயக் கூடையை நகர்த்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"பாப்பா, உன் வேலை நல்ல வேலை. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா இந்தப் பேப்பர் விஷயத்துல நான் உனக்கு ஒரு யோசனையும் சொல்லக் கூடாது. ஒரு வரிகூடத் திருத்தக் கூடாது. காரணம் இருக்கு. அதையும் சொல்லக் கூடாது. சொல்லலாம்னு ஒரு நாள் வரும், அன்னைக்குச் சொல்றேன்."

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள். முட்டாள்தனமான பெண் இல்லை அவள். முகத்தில் முதலில் கோபம் கரைந்தது. பிறகு ஏதோ கூட்டிப் பார்த்தாள். பிறகு நிறம் மாறியது.

"யாரோட பேப்பராவது உங்ககிட்ட வந்துதா?"

அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. காது மடல் என்ன நிறத்தில் இருந்ததோ அவருக்குத் தெரியாது.

"சரி," என்றாள் அவள். "நான் கேக்கலை. நீங்க சொல்லலை." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மழுப்பாமல் பேசப் போய் இப்படி ஆகிவிட்டதே என்று காளான் சாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக இதழாசிரியருக்கு அதையும் எழுதினார். நான் எதையும் சொல்லவில்லை, அவளாக ஊகித்திருக்கலாம், மறைக்க எனக்குத் தெரியவில்லை. பதில் ஒரே வரியில் வந்தது: 'இதையும் கோப்பில் சேர்த்துவிட்டேன்.'

வியாழக்கிழமை முழுக்க அவள் அறையில் கணினி தட்டும் சத்தம் கேட்டது. கட்டுரை ஏறக்குறைய முடிந்திருந்தது என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள் உட்கார்ந்தால் போதும், அனுப்பிவிடலாம். அனுப்பட்டும் என்று பாதி மனசும், ஐயோ அனுப்பிவிடுவாளோ என்று பாதி மனசுமாக அவர் கல்லூரிக்குப் போய் என்ன பாடம் நடத்தினாரோ, பிள்ளைகளுக்கே வெளிச்சம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே வந்து சமையலறை வாசலில் நின்றாள். அம்மாவிடம் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"அம்மா, இன்னைக்கு மேடத்தைப் பார்த்தேன். எப்ப அனுப்பறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, ஏன்னு மட்டும் கேக்காதீங்கன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

"என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. மூணாவது பருவத்தைப் பிரிச்சிட்டு அனுப்பலாம்னு போன மாசமே சொன்னேனே, அதேதான்னு சொல்லிட்டாங்க."

"உனக்கு இப்பவே அனுப்பணும்னு இருந்ததே?"

"இருந்தது. ஒரு வாரம் முன்னாடி அனுப்பியிருந்தா அது என் முடிவு. இப்ப அனுப்பினா, எதுக்காக அனுப்பறேன்னு எனக்கே தெரியாதும்மா. ஒண்ணுமே தெரியாதவங்க ஒருத்தர் சொல்லட்டும்னுதான் போனேன்."

காளான் சார் கூடத்தில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கரித்தது. அன்று வீட்டில் வெங்காயம் உரிக்கவேயில்லை.

அந்த எட்டு வாரத்தில் வீட்டில் கட்டுரையைப் பற்றிப் பேச்சே கிடையாது. சாப்பாடு, மழை, நர்ஸம்மாவின் முழங்கால் வலி, அடைத்துக்கொண்ட சாக்கடை, இவைதான் பேச்சு. அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கும்போது, ஒரே பல்வலி உள்ள இரண்டு பேர் பார்த்துக்கொள்வது போல இருந்தது. மழை மட்டும் விடவேயில்லை.

மூட்டை பிரிக்கிற நாளில் அவரையும் கிடங்குக்கு வரச் சொன்னாள். "எண்ண வேண்டாம். எதையும் எழுத வேண்டாம். மூட்டை தூக்கலாம், அதுல ஒரு தப்பும் இல்லை," என்றாள். கிடங்கு மேஸ்திரி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்கின் உச்சியில் நின்றார். பாப்பாவுக்கு இன்னும் பட்டமே வரவில்லை. அவருக்கு அவள் முதல் நாளிலிருந்தே டாக்டரம்மா.

"டாக்டரம்மா, இந்த வருஷம் ஈரம் ஜாஸ்தி. பத்து வருஷத்துல நான் இப்படிப் பார்த்ததில்லை. அழுகி ஒழுகியிருந்தா என்னைச் சொல்லக் கூடாது," என்று கத்திக்கொண்டே மூட்டையைச் சரித்தார்.

"ஒழுகட்டும் அண்ணே. ஒழுகினதையும்தான் எண்ணணும்."

முதல் மூட்டையைப் பிரித்ததுமே குப்பென்று அடித்தது. நல்ல பூஞ்சை தெளித்த மூட்டைதான் அது. பாதிக்கு மேல் கழுத்துப் பக்கம் கொழகொழவென்றிருந்தது. இரண்டாவதும் அப்படியே. பாப்பா எண்ணி எழுதிக்கொண்டே போனாள். காளான் சாருக்கு மூட்டையைத் தூக்கக் கை வரவில்லை. மூன்று வருஷ வேலை இப்படிச் சேறாகிவிட்டதே என்றிருந்தது. பதினோராவது மூட்டையைப் பிரித்தபோது மேஸ்திரிதான் முதலில் சொன்னார்.

"இது என்ன, நேத்து வயல்ல இருந்து வந்த மாதிரி இருக்கு?"

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். சருகு சலசலவென்று, கழுத்து இறுகி, அமுக்கினால் கல் மாதிரி. பாப்பா மூட்டையில் கட்டியிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து குறிப்பேட்டைப் புரட்டினாள்.

"அழுகினதெல்லாம் அஞ்சு நாள் உலர்த்தினது," என்றாள் மெதுவாக. "நல்லா இருக்கிறதெல்லாம் பத்து நாள். போன ரெண்டு வருஷமும் காய்ஞ்ச வருஷம், அதனால வித்தியாசமே தெரியலை. அண்ணே, கழுத்து காயாம மூட்டை கட்டினா அந்தப் பூஞ்சையால ஒண்ணும் பண்ண முடியலை. காய்ஞ்சிருந்தா எவ்வளவு மழை பெய்ஞ்சாலும் தாங்குது."

"அதைத்தான் எங்கப்பா காலத்துல இருந்து காயப்போடுங்க காயப்போடுங்கன்னு கத்திக்கிட்டிருக்கோம்," என்றார் மேஸ்திரி.

"நீங்க கத்தினீங்க. எத்தனை நாள்னு யாரு எண்ணினா?"

மேஸ்திரி சிரித்துக்கொண்டு அடுத்த மூட்டையைச் சரித்தார்.

புதுக் கணக்கைச் சேர்த்துக் கட்டுரையைத் திருப்பி எழுத மூன்று வாரம் பிடித்தது. எல்லாம் முடிந்து, மறுநாள் அனுப்புவதாக இருந்த காலை, பாப்பா ரொட்டியைக் கடித்துக்கொண்டே கைபேசியைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். நின்றபடியே முழுவதையும் படித்தாள். தேநீர் ஆறிப்போயிற்று. நர்ஸம்மா வேலைக்குக் கிளம்பியவள் செருப்பை மாட்டாமல் வாசலில் நின்றாள்.

"இதானாப்பா?" என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அந்தச் சாம்பல் வளையம். அச்சில் வந்துவிட்டது. இனி அது ரகசியமில்லை.

"இதான்," என்றார்.

"பதினோரு வாரமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதன்முதலில் கண்டுபிடித்தது நான் என்று இனி அவள் எங்கேயும் சொல்ல முடியாது. மூன்று வருஷம் சருகும் தூசியுமாகக் கிடந்தது அதற்காகத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். மேஜையில் கையை மடித்து முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் அவளுடைய தலையில் கை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், ரொட்டித் தட்டை நகர்த்தி வைத்தார். நர்ஸம்மா செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து மகளின் முதுகைத் தடவினாள். "அழட்டும் விடுங்க," என்றாள். அன்றைக்கு முதல்முறையாக வார்டுக்குத் தாமதமாகப் போனாள்.

மத்தியானம் பாப்பா முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்தக் கட்டுரையை அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்தாள். சாயங்காலம் காளான் சார் வீட்டுக்கு வந்தபோது வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அப்பா, இவங்க நல்லா பண்ணியிருக்காங்க. எண்ணிக்கையில ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா ரெண்டு வருஷமும் மழையே இல்லாத இடம். மூணு நாள் உலர்த்தினாப் போதும்னு எழுதியிருக்காங்க. அவங்க ஊர்ல போதும். இதை நம்பி எவனாவது ஈரமான இடத்துல மூணே நாள்ல மூட்டை கட்டினான்னா?"

"அவ்வளவும் போச்சு," என்றார் காளான் சார்.

"ரெண்டு பருவத்தோட அன்னைக்கு அனுப்பியிருந்தா நானும் அஞ்சு நாள் போதும்னுதான் எழுதியிருப்பேன்." கையிலிருந்த தாள்களைச் சுருட்டிக்கொண்டாள். "நல்லவேளை."

காளான் சாருக்குப் பதினோரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்து போனது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேசினார் பாருங்கள், அடைமழை மாதிரி. சம்மதம் என்று அமுக்கியதையும், மாடிப்படியில் நின்றதையும், இழுத்தடித்துவிடலாமா என்று நினைத்த அந்த ஒரு கணத்தையும்கூட மறைக்காமல் சொன்னார். "நினைச்சீங்களா?" என்றாள் அவள். "நினைச்சேன்," என்றார். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

கட்டுரையை அதே இதழுக்கே அனுப்பினாள். அப்பாவுக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் ஒரு தனிக் கடிதத்தில் எழுதி வைத்தாள். ஒருவர் முந்திக்கொண்ட ஆறு மாதத்துக்குள் இன்னொருவர் தானாகச் செய்த அதே வேலை வந்தால், முதலில் வரவில்லை என்பதற்காக அதைத் தள்ளுவதில்லை என்று அந்த இதழில் ஒரு விதி இருந்தது. சரிபார்த்த இரண்டு பேரில் ஒருவர் பாராட்டிவிட்டார். இன்னொருவர் குடைந்தெடுத்துவிட்டார். முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறு வரை மூட்டைகள் கணக்கில் ஏன் இல்லை என்று கேட்டிருந்தார். கூரை ஒழுகி நனைந்த மூட்டைகள் அவை. பாப்பா இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். பிறகு, "அவர் கேட்டது நியாயம்தான். நான் சொல்லாம விட்டிருக்கக் கூடாது," என்று அந்த ஆறு மூட்டையின் கணக்கையும் காரணத்தோடு சேர்த்தாள். காளான் சார் அறை வாசல்வரை வருவார், திரும்பிப் போவார். இப்போதும் அவர் தொடக் கூடாது. அவளே விதித்தது அது.

ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்த அன்று நர்ஸம்மாவுக்கு விடுமுறை. மேஸ்திரி செய்தி கேட்டு ஒரு கூடை நல்ல வெங்காயத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தபோது இதழ் அலுவலகத்திலிருந்து பிழை திருத்துகிறவர் கூப்பிட்டார். பாப்பா கை ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள்.

"கடைசியில நன்றி சொல்ற பகுதியில ஒரு சந்தேகம் மேடம்," என்றது அந்தக் குரல். "கிடங்கு மேஸ்திரிக்கு நன்றி, சரி. உங்க அம்மாவுக்கு நன்றி, சரி. அடுத்த வரி, 'இந்தக் கட்டுரைக்கு எந்த உதவியும் செய்யாததற்காக என் அப்பாவுக்கு நன்றி'ன்னு இருக்கு. 'எல்லா உதவியும் செய்ததற்காக'ன்னு மாத்திடவா?"

நர்ஸம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காளான் சார் கத்தியைக் கீழே வைத்தார். அந்த வரி அவருக்குத் தெரியாது. அவர் கட்டுரையைப் படித்ததேயில்லையே.

"வேண்டாங்க," என்றாள் பாப்பா. "அது சரியாத்தான் இருக்கு. அப்படியே போடுங்க."